வெள்ளை அட்டையில் ஒரு மஞ்சள் சொல்

என் அக்கா பல் செய்பவள். பல் மருத்துவர் என்று யாராவது அறிமுகப்படுத்தினால் அந்த இடத்திலேயே திருத்துவாள். மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு முழு வாயையும் டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறாள். தெருவில் எதிரே வருபவர் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள். "மேல் வரிசை நம்ம வேலை. கீழ் வரிசை எவனோ பண்ணது" என்று என் காதில் சொல்வாள்.

நான் அவள் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் காலை நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற தொழில். அதனால் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையில் நான் நிறையப் பேர் மேல் கோபப்படப் போகிறேன்.

என் டிரைவிங் ஸ்கூலுக்கு மேல் மாடியில் ஒரு நீளமான அறை. மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் அங்கே முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். வாசலில் 'உப்புநாட்டு மொழி ஆய்வுச் சங்கம்' என்று பலகை. உப்புநாடு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். நான் தேடி அசடு வழிந்தவன். ஒரு நாவலாசிரியர் ஏழு பாகமாக எழுதிய மாயக்கதையில் வருகிற நாடு அது. கடல் வற்றிப்போன பள்ளத்தில் உப்பை வெட்டி வீடு கட்டி வாழ்கிறவர்களின் கதை. அவர்களுக்கென்று அந்த மனிதர் ஒரு மொழியையே உண்டாக்கியிருந்தார். கதை நெடுகப் பாட்டு, வசவு, வாசல் கல்வெட்டு, தாலாட்டு என்று அது சிதறிக் கிடக்கும். எட்டாம் பாகம் எழுதுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அகராதி எதுவும் விட்டுச் செல்லவில்லை.

அவர் விட்டுப்போன அகராதியைச் செய்வதுதான் சங்கத்தின் வேலை. பஸ் ஓட்டுபவர், நர்ஸ், வேதியியல் ஆசிரியை, ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் என்று எல்லோரும் வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை பார்ப்பவர்கள். என் அக்கா பத்தொன்பது வருடமாக உறுப்பினர். பதினான்கு வருடமாக அகராதியின் பதிப்பாசிரியர். அத்தானுக்கு இதில் வருத்தமும் இல்லை, ஈடுபாடும் இல்லை. "உங்க அக்காவுக்கு ரெண்டு வீடு. ஒண்ணுல நான் இருக்கேன், இன்னொண்ணுல உப்பு இருக்கு" என்பார்.

அந்த மொழியை அவர்கள் பேசுகிறார்கள் என்று நினைத்தால் அக்காவுக்கு முகம் சிவந்துவிடும். பேசுகிறவர்கள் வேறு கூட்டம். நகரத்தின் மறுகோடியில் இருக்கிறார்கள். சொல் இல்லாத இடத்தில் தாங்களே ஒன்றைச் செய்து போட்டுக்கொண்டு, பனியனில் அச்சடித்துக்கொண்டு, ஜாலியாக இருப்பார்கள். அவர்களுக்குச் சங்கத்தில் 'பேச்சுக் கோஷ்டி' என்று பெயர். சங்கத்தில் ஒருவரும் சொந்தமாக ஒரு சொல்லைக்கூடச் செய்யக் கூடாது. கதைக்காரர் எழுதியது மட்டும்தான் சொல்.

அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் யாராவது உப்புநாட்டுச் சொல் ஒன்றைச் சொன்னால், எதிரே இருப்பவர் "எங்கே?" என்று கேட்கலாம். சொன்னவர் உடனே பாகம், பக்கம், வரி சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். முதல் தடவை கேட்டபோது நான் ஏதோ விசாரணை நடக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் அது அவர்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி என்று புரிந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. கதைக்காரர் எழுதிய சொல் என்றால் வெள்ளை அட்டை. அவர் எழுதாமல், 'இந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும்' என்று உறுப்பினர் ஊகித்த சொல் என்றால் மஞ்சள் அட்டை. வெள்ளை மட்டும்தான் அகராதிக்குப் போகும். மஞ்சள் பெட்டியிலேயே கிடக்கும். இவ்வளவுதான் சட்டம், ஒரு குழந்தைக்கும் புரியும்.

இதில் என் கை எப்படி மாட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மாடி அறையில் தண்ணீர்க் குழாய் கசிந்தது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று கட்டிடச் சொந்தக்காரனான நான் தள்ளிப்போட்டேன். ஒரு வியாழக்கிழமை அது வெடித்தது. அட்டைப் பெட்டிகள் எல்லாம் ஊறிப்போயின. அக்கா என்னிடம் மூன்று மாதம் பேசவில்லை. மை முழுதாகக் கரைவதற்குள் எல்லாவற்றையும் புதிதாக எழுதியாக வேண்டும் என்று பத்துப் பேர் மேஜை போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார்கள். இரண்டாம் நாள் மதியம் மஞ்சள் அட்டை தீர்ந்துவிட்டது. கடையில் இல்லை, வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சரி, மஞ்சள் சொல்லையும் வெள்ளை அட்டையிலேயே எழுதுவோம், வலது மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். யோசனை அக்காவுடையது.

அதற்கு மூன்று வருடம் கழித்து ஒரு சண்டை வந்தது. சங்கத்தில் ஒரு சர்வேயர் இருந்தார். நிலம் அளப்பவர், மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென்சில். அவர் எழுதிய வெள்ளை அட்டைகளில் மூன்று சொற்கள் கதையில் எங்குமே இல்லை என்று தெரிந்தது. மூன்றும் அவரே முன்பு ஊகித்தவை. சங்கத்தின் ஏழாம் விதி இது: தன் சொல்லைக் கதைக்காரரின் சொல்லாகச் சேர்ப்பவரின் பெயர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும், மூன்று ஆண்டு கழித்தே அவர் மீண்டும் விண்ணப்பிக்கலாம். விதியை எழுதியதும் என் அக்காதான்.

சர்வேயர் எழுந்து, "அன்னைக்கு மஞ்சள் அட்டை தீர்ந்துபோச்சு. புள்ளி வைக்க விட்டுப்போச்சு. வேணும்னு பண்ணல" என்றார்.

அக்கா, "எனக்கும்தான் அட்டை தீர்ந்துச்சு. நானூத்திப் பன்னெண்டு சொல் வெள்ளையில எழுதினேன். எல்லாத்துலயும் புள்ளி வெச்சேன். உங்களுக்கு மட்டும் எப்படி சார் விட்டுப்போகும்?" என்றாள்.

அவர் பெயரை அடித்தார்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்து அக்காவுடையது, இரண்டாவது தலைவருடையது. சர்வேயர் தன் குடையை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கிப் போனதை நான் கீழே நின்று பார்த்தேன். மூன்று வருடம் முடிந்தும் அவர் விண்ணப்பிக்கவில்லை. ரோஷக்காரர்.

இந்த வருட ஆரம்பத்தில் அகராதி ஒருவழியாக முடிந்தது. இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு சொற்கள். அச்சகத்தில் தேதி வாங்கியாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை எல்லா அட்டையையும் மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா ஆரம்பித்தாள். அதுவரை ஆளுக்கொரு பகுதி பார்த்திருந்தார்கள். அவள் எழுதிய அட்டைகளை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அவள் எழுதியதாயிற்றே, அதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று விட்டிருந்தார்கள்.

'ஒஸ்வெரி' என்று ஒரு சொல். எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் ஒருவர் பொருட்டுத் தங்கிவிட்டவர் என்று பொருள். நான்காம் பாகம், பக்கம் 312. சங்கத்திலேயே எல்லோருக்கும் மிகப் பிடித்த சொல் அதுதான். பேச்சுக் கோஷ்டி அதைப் பனியனில் போட்டது. நர்ஸம்மா தன் வீட்டு வாசலில் எழுதி மாட்டியிருக்கிறார். அக்கா அந்த ஒரு சொல்லைப் பற்றி நாற்பது நிமிடம் கட்டுரை வாசித்தாள். 'இப்படியொரு சொல்லை உண்டாக்க எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும்' என்று கதைக்காரரைப் பாராட்டி அவள் முடித்தபோது கைதட்டலில் என் ஆபீஸ் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

பக்கம் 312-இல் அந்தச் சொல் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லேபில், மாவுப் புழுதி படிந்த மேஜையில் நான்காம் பாகத்தை விரித்து வைத்துப் பார்த்திருக்கிறாள். இல்லை. முன்பக்கம், பின்பக்கம், பாகம் முழுக்க, அப்புறம் ஏழு பாகமும். அந்தப் பக்கத்தில் இருந்தவை வேறு இரண்டு சொற்கள். அவற்றை வைத்துப் பதினேழு வருடத்துக்கு முன்பு அவளே ஊகித்து, மஞ்சள் அட்டையில், 'பார்க்க: பாகம் 4, பக்கம் 312' என்று எழுதியிருந்தாள். குழாய் வெடித்த வாரம் அதை வெள்ளையில் பெயர்த்து எழுதியபோது மூலையில் புள்ளி வைக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஒரு செட் பல் அதற்குள் கொதித்துத் தீய்ந்து, ஈறு முழுக்கப் பொத்தலாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் அவள் கெடுத்த முதல் செட் அது.

அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் ஒரு அம்மாளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி ரிவர்ஸில் அந்த அம்மாளை இறக்கிவிட்டு அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள். கையெல்லாம் மாவு.

"அவர் சொன்னது நிஜம்டா" என்றாள்.

"யாரு?"

"சர்வேயர். புள்ளி விட்டுப்போகும். எனக்கே போயிருக்கு."

நடந்ததைச் சொன்னாள். எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. ஒரு சொல், அதுவும் இல்லாத ஊரில் இல்லாதவர்கள் பேசுகிற சொல். "ஒரு புள்ளிதானே, இப்ப வெச்சுட்டுப் போயேன்" என்றேன்.

"வெச்சுட்டா?"

"வெச்சுட்டா முடிஞ்சுது. அகராதிலேர்ந்து எடுத்துடு. யார் வந்து உன்னைக் கேக்கப்போறாங்க?"

"அன்னைக்கு அவரைப் பார்த்து நான் கேட்டேனே. நாப்பது பேருக்கு முன்னாடி கேட்டேன்." அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. "அதே நாப்பது பேருக்கு முன்னாடி சொல்லணும்டா. விதிப்படி என் பேரையும் அடிக்கணும்."

"பத்தொன்பது வருஷம் உழைச்சுட்டு, புத்தகம் வர்ற நேரத்துல பேரை அடிச்சுக்கப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். வெளியே நின்ற அந்த அம்மாள் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் இரண்டடி தள்ளி நின்றார்.

முதலில் தலைவரிடம் போனோம். நீதிமன்றத்தில் முப்பது வருடம் கோப்பு கட்டியவர். வீடு முழுக்க நூல் கட்டிய காகிதக் கட்டுகள். அக்கா சொன்னதைக் கண்ணை மூடிக் கேட்டார். "மஞ்சளாக்கிடுங்கம்மா. நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல" என்றார்.

"சர்வேயருக்கு அந்தச் சலுகை குடுத்தோமா?"

"அது முடிஞ்சுபோன கேஸ்."

"நான் சனிக்கிழமை பேசப்போறேன். முறையாச் சொல்லிட்டுப் போக வந்தேன்" என்று அக்கா எழுந்துகொண்டாள். தலைவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லக் கூடாதா என்பதுபோல. நான் கூரையைப் பார்த்தேன். எனக்கு அவள் மேல் கோபம்தான். ஆனால் அவர் மேல் அதைவிட அதிகம்.

சர்வேயர் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. அக்கா ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று, சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்தவர் ஒன்பது வருடத்தில் அதிகம் மாறவில்லை, முடி மட்டும் நரைத்திருந்தது. உள்ளே வரச்சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாங்கள் உட்கார்ந்தோம். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நான் நம்பல, சார். இப்ப நம்பறேன். எனக்கும் அதே தப்பு நடந்திருக்கு" என்றாள் அக்கா. அவ்வளவு ஒத்திகை பார்த்தவள் இரண்டே மூச்சில் முடித்துவிட்டாள்.

"ஒஸ்வெரி" என்றார் அவர்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கும்தான். அவர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். சங்கத்தை விட்டுப் போனவர் உப்பை விடவில்லை. ஏழு பாகத்தையும் தனியாக உட்கார்ந்து வரிவரியாக அளந்திருக்கிறார். சங்கம் வெளியிட்ட சொற்பட்டியலை மூலத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார். 'ஒஸ்வெரி: 312-இல் இல்லை. எங்கும் இல்லை' என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் தேதி. ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி.

"ஆறு வருஷமாத் தெரியுமா?" என்றாள் அக்கா. "ஏன் சார் சொல்லல? ஒரு கடிதம் போட்டிருந்தா என்னை வெளிய அனுப்பியிருப்பாங்களே."

"அனுப்பியிருப்பாங்க. அப்புறம் அகராதியை யார் முடிப்பா? தலைவரா?" அவர் நோட்டை மூடினார். "உங்க மேல கோபம் இல்லேன்னு நினைச்சுக்காதீங்க. நிறைய இருக்கு. எத்தனையோ தடவை கடிதம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். ஆனா எனக்கு அகராதி வேணும். அது வெளிய வந்து நான் கையில வெச்சுப் பார்க்கணும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் எழுந்தபோது அவர், "இப்பச் சொல்லாதீங்க மேடம். புத்தகம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"இல்ல சார். நீங்க வெளிய, நான் உள்ள. இந்த நிலைமையில என் பேரைப் போட்டு அது வரக் கூடாது" என்றாள் அக்கா.

சனிக்கிழமை நானும் மாடி ஏறினேன். உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே உட்காரக் கூடாது. கட்டிடம் என்னுடையதாக இருந்தாலும் கூடாது. கதவருகே நின்றேன். முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அகராதிக்கு அட்டைப்படம் எது என்று பேசி முடித்ததும் அக்கா எழுந்தாள். வேறொன்றும் சொல்லாமல், "ஒஸ்வெரி" என்றாள்.

எல்லோரும் சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தார்கள்.

"ஏன் யாரும் கேக்கல?" என்றாள் அக்கா. "ஒரு சொல் சொன்னேன். நம்ம வழக்கப்படி கேக்கணும் இல்லையா? கேளுங்க."

நர்ஸம்மாதான் தயங்கித் தயங்கி, "எங்கே?" என்றார்.

"எங்கேயும் இல்லை. நான் எழுதினது."

அவள் புள்ளியின் கதையைச் சொன்னாள், சர்வேயர் நோட்டைச் சொன்னாள், தன்னுடைய நாற்பது நிமிடக் கட்டுரையையும் விடாமல் சொன்னாள். 'அந்தப் பாராட்டெல்லாம் எனக்கு நானே பண்ணிக்கிட்டது' என்றபோது பஸ்காரர் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். நர்ஸம்மா அழுதார். பிறகு அக்கா ஏழாம் விதியை வாசித்து, தன் பெயரை அடிக்கும்படி கேட்டாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. அடிக்க வேண்டாம் என்று இருபத்தேழு கை.

"நன்றி" என்றாள் அக்கா. "அப்படின்னா கை தவறி நடந்ததுக்குப் பேரை அடிக்கக் கூடாதுன்னு சங்கம் சொல்லுது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அடிச்சது தப்புன்னு இப்பவே தீர்மானம் எழுதுங்க. அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்க."

தலைவருக்கு முகம் கறுத்தது. "பழைய தீர்மானத்துல என் கையெழுத்து இருக்கும்மா. அதைத் தப்புன்னு எப்படி எழுதறது?"

"என் கையெழுத்து உங்களுக்கு மேலேயே இருக்கு, சார்."

"முடியாது. வேற பேச்சுப் பேசலாம்."

அக்கா மேஜைக்குப் போய்ப் பதிவேட்டைத் திருப்பினாள், தன் பெயரைத் தேடினாள், அளவுகோல் வைத்து ஒரே கோடாக அடித்தாள், பக்கத்தில் தேதி போட்டாள். அட்டைப் பெட்டிகளின் சாவியைப் பதிவேட்டின் மேல் வைத்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "நாளைலேர்ந்து இந்த ரூம் உங்களுக்குக் கிடையாது! எல்லாரும் காலி பண்ணுங்க!" என்று கதவருகிலிருந்து கத்தினேன்.

"வாயை மூடிட்டுக் கீழ போடா" என்றாள் அக்கா. போனேன்.

அதற்குப் பிறகு அச்சகத் தேதி போயிற்று. அக்காவின் சுருக்கக் குறிகளை வைத்துக்கொண்டு முழித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு நர்ஸம்மா வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்குப் பஸ்காரரும் வேதியியல் ஆசிரியையும் இன்னும் பத்துப் பேரும் வரவில்லை. தீர்மானம் எழுதினால் வருகிறோம் என்று எழுதி அனுப்பினார்கள். ஐந்தாவது வாரம் தலைவர் தன் மூட்டுவலியோடு அந்த மூன்று மாடியும் ஏறி, சர்வேயர் வீட்டு வாசலில் நின்று, 'சங்கம் செய்தது தவறு' என்ற வாக்கியத்தைத் தன் வாயாலேயே வாசித்தாராம். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கும் கடிதம் வந்தது. இருவர் பெயரும் மீண்டும் சேர்க்கப்படுகின்றன என்று. அவள் அதைத் திருப்பி அனுப்பினாள். 'அவர் பெயரைச் சங்கம் தவறாக அடித்தது. என் பெயரை நானே அடித்தேன். மூன்று ஆண்டு கழித்து முறைப்படி விண்ணப்பிப்பேன்.' அத்தானும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசிப் பார்த்தோம். சர்வேயர் ஒன்பது வருஷம் வெளியே இருந்தார், நான் மூணு வருஷம்கூட இருக்கக் கூடாதா என்று கேட்டாள்.

அகராதி வேலை சர்வேயர் கைக்குப் போயிற்று. சந்தேகம் வந்தால் அவர் லேபுக்குப் போன் செய்வார். "பதிவேட்டுல இல்லாத ஆள்கிட்ட இதையெல்லாம் கேக்கக் கூடாது, சார்" என்று இவள் வைத்துவிடுவாள். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்று லேபில் வேலை செய்கிற பெண் என்னிடம் சொன்னாள். கூட்டம் நடக்கிற சனிக்கிழமை மட்டும் என் ஆபீஸுக்கு வந்து, எல் போர்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இப்ப நாற்காலியை இழுக்கறாங்க. ஓட்டெடுப்பு" என்பாள். நான் டீ வாங்கி வந்து வைப்பேன்.

எட்டு மாதத்தில் புத்தகம் வந்தது. வெளியீடும் ஒரு சனிக்கிழமைதான். விருந்தினராக வரலாம் என்று நர்ஸம்மா நேரில் வந்து கூப்பிட்டார். வெளியீட்டோடு சங்கக் கூட்டமும் நடக்கிறதே, அதில் தான் உட்கார முடியாது என்று சொல்லி அக்கா கீழேயே இருந்தாள். மேலே கைதட்டல் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. பிறகு யாரோ படி இறங்கி வரும் சத்தம். சர்வேயர் கையில் ஒரு பிரதியோடு உள்ளே வந்து, அதை அக்கா முன்னால் வைத்தார்.

அக்கா முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. நேராக 'ஒ' வரிசைக்குப் போனாள். விரலை வைத்து இறக்கிக்கொண்டே வந்தாள். 'ஒஸ்வல்: உப்புப் பாளம்.' அதற்குக் கீழே, 'ஒஹாத்: பாதி குடித்து வைத்த தண்ணீர்.' இரண்டுக்கும் நடுவே எப்போதும் விடுகிற இடைவெளிதான் இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சரியா இருக்கு, சார்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நான் பார்க்கிறேன் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.

"நானும் அதைத்தான் முதல்ல பார்த்தேன்" என்றார் அவர். "மேல வாங்க மேடம். எல்லாரும் உங்களைத்தான் கேக்கறாங்க."

"இன்னும் ரெண்டு வருஷம் நாலு மாசம் இருக்கு, சார். நீங்க போங்க. பதிப்பாசிரியர் இல்லாம எப்படி?"

மாடியிலிருந்து தலைவர் அவரைக் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். சர்வேயர் கதவு வரை போனார், நின்றார், திரும்பி வந்தார். எல் போர்டுகளை எடுத்து ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாரும் போகட்டும். நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.